ஸ்டீராய்டு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு ஏன் சாய்கிறது?

நீங்கள் எழுதியது இது: அம்மாவுக்கு 61 வயது. மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொட்டல மாத்திரையை ஒன்றரை வருடமாகச் சாப்பிட்டு வந்தார். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று தெரிந்ததும் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிட்டீர்கள். ஒரு வாரத்துக்குள் சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், கடைசியில் பி.பி. 80க்கு இறங்கி ஐ.சி.யூ.வில் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கே ஊசியாகப் போட்டதும் ஸ்டீராய்டு, வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுத்ததும் ஸ்டீராய்டு. கெட்ட மருந்தை நிறுத்தினால் உடம்பு தேறத்தானே வேண்டும், சுரப்பி செத்துப்போச்சு என்கிறார்களே உண்மையா, இனி ஆயுசுக்கும் இதையே சாப்பிட வேண்டுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். உடம்பு தானாகச் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை ஏன் கைவிட்டது, அதை மறுபடி எடுத்துச் செய்யுமா? பொது மருத்துவம் படித்து, அதன்பின் நாளமில்லாச் சுரப்பிகளின் நோய்களையே வருடக்கணக்காகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சுரப்பி சாகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது திரும்ப வேலை செய்யும். ஆனால் நாள்கணக்கில் நடக்காது, மாதக்கணக்கில் ஆகும். அதுவரை இப்போது எழுதிக் கொடுத்திருக்கும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. உங்கள் அம்மாவை நேரில் பார்க்காமல் அவருக்கு எத்தனை மாதம் ஆகும், எந்த அளவில் குறைக்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. உள்ளே என்ன நடந்தது என்பதை மட்டும் விளக்குகிறேன். அது புரிந்துவிட்டால், அடுத்த சில மாதங்களை நீங்கள் பயமில்லாமல் கடந்துவிடலாம்.

இரண்டு சிறுநீரகங்களின் தலைமாட்டிலும் ஒவ்வொரு அட்ரினல் சுரப்பி இருக்கிறது. ஒன்றின் எடை நான்கு ஐந்து கிராம்தான். அதன் உட்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. நம் கதைக்கு அது வேண்டாம். வெளிப்பகுதியில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலடுக்கு ஆல்டோஸ்டீரான் என்ற ஹார்மோனைச் சுரந்து உப்பையும் பொட்டாசியத்தையும் கவனித்துக்கொள்கிறது. நடு அடுக்கு கார்ட்டிசாலைச் சுரக்கிறது. உங்கள் அம்மாவைப் படுக்கவைத்தது இந்த நடு அடுக்கின் மௌனம்தான்.

கார்ட்டிசாலை 'டென்ஷன் ஹார்மோன்' என்று எழுதி எழுதி, அது ஏதோ வேண்டாத விருந்தாளி என்ற எண்ணம் வந்துவிட்டது. உண்மையில் அது இல்லாமல் உயிர் தங்காது. இரத்தக்குழாய்கள் சரியான இறுக்கத்தில் இருக்க, அதற்கான நரம்பு உத்தரவுகளை அவை மதிக்க, கார்ட்டிசால் வேண்டும். அது குறைந்தால் பி.பி. நிற்காது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் தூங்கும்போதும் சர்க்கரை இறங்கிவிடாமல் கல்லீரலைக் குளுக்கோஸ் தயாரிக்க வைப்பதில் அதற்குப் பங்குண்டு. நோய் எதிர்ப்புச் சக்தி அளவு மீறிப் பொங்கித் தன் உடம்பையே தாக்காமல் அடக்கி வைப்பதும் அதுதான். மூட்டுவலிக்கும் வீசிங்குக்கும் ஸ்டீராய்டு வேலை செய்வதற்குக் காரணம் இந்தக் கடைசிக் குணம். இவ்வளவுக்கும் ஒரு நாளைக்கு உடம்பு தயாரிப்பது ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். காய்ச்சல், அடிபடுதல், ஆபரேஷன் என்று வந்துவிட்டால் அதே சுரப்பி பல மடங்கு கொடுக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, எவ்வளவு சுரக்க வேண்டும் என்று அட்ரினலுக்கு யார் சொல்வது? அது தானாக முடிவு செய்வதில்லை. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடம் இருக்கிறது. அதற்குக் கீழே, எலும்புக்குழி ஒன்றுக்குள், அரை கிராம் எடையில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை அனுப்பிப் பிட்யூட்டரியைத் தட்டுகிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது வந்து சேர்ந்தால்தான் அட்ரினலின் நடு அடுக்கு கார்ட்டிசால் சுரக்கும். இரத்தத்தில் கார்ட்டிசால் ஏறியதும், அந்த ஏற்றமே மூளைக்குப் போய், 'போதும்' என்று மேலே இருக்கும் இருவரையும் அடக்கிவிடும். குறைந்தால் மறுபடி உத்தரவு கிளம்பும். இந்தச் சுற்று ஒரு நேரக்கணக்கோடு ஓடுகிறது. நள்ளிரவை ஒட்டிக் கார்ட்டிசால் மிகக் குறைவாக இருக்கும். விடியற்காலை மூன்று மணிவாக்கில் ஏறத் தொடங்கி, நாம் எழுந்திருக்கும் நேரத்தில் உச்சத்துக்கு வரும். கார்ட்டிசாலைக் காலை எட்டு மணிக்கு இரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கும், ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் சாப்பிடச் சொல்வதற்கும் இதுதான் காரணம். இரவில் சாப்பிட்டால் விடியற்காலையில் கிளம்ப வேண்டிய உத்தரவை அது இன்னும் பலமாக அமுக்கிவிடும்.

இப்போது பொட்டல மாத்திரைக்கு வருவோம். இப்படிப்பட்ட பொட்டலங்களை நோயாளிகள் கொண்டுவந்து காட்டுவதுண்டு. அட்டை இல்லாமல், பெயர் இல்லாமல், வெள்ளையும் மஞ்சளும் பச்சையுமாக நாலைந்து மாத்திரைகள் ஒரு தாள் மடிப்பில் இருக்கும். ஒன்று வலி மாத்திரை, ஒன்று அல்சர் மாத்திரை, ஒன்று வைட்டமின். பட்டாணியில் பாதிகூட இல்லாத அந்தக் குட்டி மாத்திரைதான் ஸ்டீராய்டு. பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன். அளவைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஆனால் கணக்கு இப்படிப் போகிறது: உடம்பின் சொந்தக் கார்ட்டிசாலும் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தும் ஒன்றே. அந்த ஹைட்ரோகார்ட்டிசோனின் 20 மில்லிகிராமுக்குச் சமம், ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையின் 5 மில்லிகிராம். அதற்குச் சமம் வெறும் முக்கால் மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன். ஆக, அரை மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று சாப்பிட்டாலே உடம்பின் முழுத் தேவையைத் தாண்டிவிடும். அதோடு டெக்ஸாமெத்தசோனின் வேலை ஒரு நாளைக்கு மேல் நீடிப்பதால் இடைவெளியே விழாது.

மூளைக்கு இது வெளியிலிருந்து வந்ததா உள்ளே சுரந்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கார்ட்டிசால் ஏராளமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. ஹைப்போதலாமஸ் தட்டுவதை நிறுத்துகிறது, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். அனுப்புவதை நிறுத்துகிறது. ஏ.சி.டி.எச். வெறும் உத்தரவு மட்டுமல்ல. அட்ரினலின் உள் அடுக்குகளை வளர்த்து, பருமன் குறையாமல் வைத்திருப்பதும் அதே ஹார்மோன்தான். அது மாதக்கணக்கில் வராமல் போனால் அந்த அடுக்குகள் மெலிந்து சுருங்கிவிடும். கால் முறிந்து ஒன்றரை மாதம் மாவுக்கட்டில் இருந்தவரின் கெண்டைக்காலைக் கட்டுப் பிரித்த அன்று பார்த்திருப்பீர்கள். தசை வற்றியிருக்கும், ஊன்றினால் நிற்காது. ஆனால் அது செத்த கால் இல்லை. அட்ரினலின் நிலையும் அதுதான். 'செத்துப்போச்சு' என்று உங்களிடம் சொன்னவர் அவசரத்தில் சொன்ன வார்த்தை அது. அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மருந்தை நிறுத்திய அன்றே ஏன் விழவில்லை, ஒரு வாரம் ஏன் பிடித்தது என்றும் உங்களுக்குத் தோன்றலாம். உடம்பில் தங்கியிருந்த மருந்து தீர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குப் பிறகும் அட்ரினல் ஒரேயடியாக வறண்டிருக்காது. சும்மா உட்கார்ந்திருக்கும் அளவுக்குக் கொஞ்சம் சுரந்திருக்கலாம். அப்புறம் ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து, பல மடங்கு கார்ட்டிசால் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அம்மாவுக்கு அந்த வாரத்தில் அப்படி ஏதாவது வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். பசியின்மை, குமட்டல், வயிற்றுவலி, உடம்பு முழுக்க அசதி, எழுந்தால் கண் இருட்டுவது, சோடியம் குறைவது, சில சமயம் சர்க்கரை இறங்குவது, இதெல்லாம் கார்ட்டிசால் பற்றாக்குறையின் முகங்கள். வயிற்றுக்கோளாறு என்று நினைத்து வாந்திக்கு மட்டும் ஊசி போட்டு அனுப்பப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குளுக்கோஸ் ஏற்றுவார்கள், கொஞ்சம் தெம்பு வரும், மறுநாள் மறுபடி சாய்வார்கள். காரணம் தெரிந்து ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியை நரம்பில் போட்டு, உப்புநீர் டிரிப்ஸையும் ஓடவிட்டால், காலையில் கண் திறக்காமல் கிடந்தவர் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். அவசர மருத்துவத்தில் இவ்வளவு சீக்கிரம் பலன் தெரியும் சிகிச்சைகள் குறைவு. உங்கள் அம்மாவுக்கு ஐ.சி.யூ.வில் செய்ததும் இதுதான். சரியாகவே செய்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அட்ரினல் உண்மையிலேயே அழிந்துபோகும் நோய் ஒன்றும் இருக்கிறது. லண்டனில் கைஸ் மருத்துவமனையில் இருந்த தாமஸ் அடிசன் 1855இல் அதை விவரித்தார். அவர் எழுதிய நோயாளிகளில் பலருக்குக் காசநோய் அட்ரினலைத் தின்றிருந்தது. நம் நாட்டில் இன்றும் அடிசன் நோய்க்குக் காசநோய் ஒரு முக்கியமான காரணம். அவர்களுக்குச் சுரப்பி திரும்பி வருவது அரிது. பெரும்பாலும் ஆயுசுக்கும் மாத்திரை. உங்களிடம் யாராவது 'வாழ்நாள் முழுக்க' என்று சொல்லியிருந்தால் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கலாம். நோயாளியின் கையைப் பார்த்தே ஓரளவு பிரித்துவிடலாம். அடிசன் நோயில் அட்ரினல் பதில் சொல்லாததால் பிட்யூட்டரி விடாமல் ஏ.சி.டி.எச். கொட்டிக்கொண்டே இருக்கும். மிகுந்துபோன அந்த ஏ.சி.டி.எச். தோலின் நிறமிச் செல்களையும் தூண்டும். அதனால் உள்ளங்கை ரேகைகள், விரல் முட்டிகள், ஈறு, பழைய தழும்புகள் எல்லாம் கறுத்துவிடும். நம் மாநிறத்தில் முகக் கறுப்பு தெரியாமல் போகலாம், ஆனால் உள்ளங்கை ரேகை காட்டிக்கொடுக்கும். ஸ்டீராய்டு மாத்திரையால் வந்த குறைபாட்டில் ஏ.சி.டி.எச்.சே இல்லை, அதனால் ரேகைகள் வெளுப்பாகவே இருக்கும். இன்னொரு வித்தியாசம் பொட்டாசியம். மேலடுக்கின் ஆல்டோஸ்டீரானுக்கு உத்தரவு வருவது முக்கியமாகச் சிறுநீரகத்திலிருந்து, அது சுரக்கும் ரெனின் என்ற பொருள் வழியாக. பிட்யூட்டரி தூங்கினாலும் அது தப்பித்துவிடும். அதனால் உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்குச் சோடியம் குறைந்தாலும் பொட்டாசியம் பொதுவாக ஏறாது. அடிசன் நோயில் பலருக்கு ஏறும். டிஸ்சார்ஜ் தாளில் இரண்டு எண்களும் இருக்கும். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

இந்த மருந்தை வெறும் வில்லனாகவும் பார்க்காதீர்கள். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டரில் உள்ள மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற மூட்டுநோய் மருத்துவர் இருந்தார். மஞ்சள்காமாலை வந்தபோதும் கர்ப்பமாக இருந்தபோதும் சிலருக்கு முடக்குவாத மூட்டுவலி தற்காலிகமாகக் குறைவதை அவர் கவனித்திருந்தார். உடம்புக்குள்ளேயே வலியைக் குறைக்கும் ஏதோ ஒன்று சுரக்கிறது என்று நினைத்தார். அதே இடத்தில் எட்வர்ட் கெண்டல் அட்ரினலிலிருந்து பல பொருட்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றை 1948 செப்டம்பரில், எழுந்து நடமாட முடியாமல் இருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். அந்தப் பொருள்தான் கார்ட்டிசோன். 1950இல் ஹெஞ்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதன் மறுபக்கமும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. கார்ட்டிசோன் சாப்பிட்டுவந்த சிலர் ஆபரேஷனுக்குப் பிறகு காரணம் தெரியாமல் பி.பி. இறங்கி இறந்தார்கள். பிணப் பரிசோதனையில் அட்ரினல் சுருங்கியிருந்தது. 1950களின் தொடக்கத்திலேயே மருத்துவ இதழ்களில் இது பதிவாகிவிட்டது. எழுபது வருடங்களாக மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த ஒன்றை, பொட்டலம் மடித்துக் கொடுக்கிறவர் உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. நாலே நாளில் வலி பறந்தால் கைராசி என்ற பெயர் கிடைக்கும். அந்தப் பெயருக்காகத்தான் கொடுக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நாட்டு மருந்து, மூலிகைப் பொடி என்ற பெயரில் விற்கப்படுவதிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 'அது இங்கிலீஷ் மருந்து இல்லையே' என்பதும் பாதுகாப்பு இல்லை.

திரும்பி வருவது எப்படி என்பதைப் பற்றி நல்ல ஆதாரம் இருக்கிறது. வருடக்கணக்கில் ஸ்டீராய்டில் இருந்தவர்களை, நிறுத்திய பிறகு மாதாமாதம் கவனித்த ஓர் ஆய்வு 1965இல் வெளியானது. இன்றும் நாங்கள் அதை வைத்தே பேசுகிறோம். முதல் மாதத்தில் ஏ.சி.டி.எச்.சும் குறைவு, கார்ட்டிசாலும் குறைவு. இரண்டு முதல் ஐந்து மாதத்துக்குள் பிட்யூட்டரி முதலில் விழித்துக்கொள்கிறது; ஏ.சி.டி.எச். வழக்கத்தைவிட அதிகமாகவே சுரக்கிறது, ஆனால் மெலிந்துபோன அட்ரினலால் பதில் சொல்ல முடிவதில்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு கார்ட்டிசால் மெல்ல மேலே வருகிறது. ஒன்பது மாதத்தைத் தாண்டித்தான் இரண்டும் சமநிலைக்கு வந்தன. ஆக, மூளை முதலில், அட்ரினல் பிறகு. இந்த வரிசை உறுதியானது. மாதக்கணக்கு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குச் சில வாரங்களிலேயே சரியாகிவிடும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும். மிகச் சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை.

யாருக்கு எப்படி என்று முன்கூட்டியே சொல்ல முடியாத இடம் இதுதான். மூன்று நான்கு வாரத்துக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்குப் பொதுவாக அட்ரினல் அடங்குவதில்லை. ஆஸ்துமா கூடியதற்காக ஐந்து நாள் ப்ரெட்னிசலோன் எழுதினால் நாங்கள் படிப்படியாகக் குறைக்கச் சொல்வதில்லை. அதற்கு மேல் போனால் அளவும் காலமும் கூடக் கூட ஆபத்து கூடும். ஆனால் ஒரே அளவை ஒரே காலம் சாப்பிட்ட இருவரில் ஒருவர் ஒன்றுமில்லாமல் எழுந்து போவார், இன்னொருவர் விழுவார். அதனால் கணக்குப் போட்டு ஊகிக்காமல் இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். முதலில் பழைய நோய்க்குத் தேவையான அளவிலிருந்து, உடம்பின் அன்றாடத் தேவையான 4 முதல் 6 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன் வரை குறைத்துக் கொண்டுவருவோம். உங்கள் அம்மாவுக்கு இப்போது எழுதியிருப்பது 5 மில்லிகிராம் என்றால், அது நோய்க்கான மருந்தே இல்லை. அட்ரினல் தர வேண்டியதை நாம் வெளியிலிருந்து தருகிறோம், அவ்வளவுதான். பொட்டலத்தில் இருந்ததும் ஸ்டீராய்டு, இதுவும் ஸ்டீராய்டு என்றாலும், முகம் ஊதுவதும் எலும்பு கரைவதும் தேவைக்கு மேல் போகும்போதுதான் முக்கியமாக வருகிறது.

அந்த அளவில் நிலைத்த பிறகு, ஒரு நாள் காலை எட்டு ஒன்பது மணிக்குள், அன்றைய மாத்திரையைச் சாப்பிடும் முன், முந்தைய மாத்திரைக்கு 24 மணி நேர இடைவெளி விட்டுக் கார்ட்டிசால் பார்ப்போம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் இரத்தம் கொடுத்தால் ப்ரெட்னிசலோனையே பல பரிசோதனைகள் கார்ட்டிசால் என்று எண்ணிக் காட்டிவிடும். ரிப்போர்ட் அழகாக வரும், நம்பி நிறுத்தினால் ஆபத்து. டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டு நிறுத்தலாம். 5க்குக் கீழே என்றால் இன்னும் இல்லை. மாத்திரையைத் தொடர்ந்து சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் டாக்டரின் முடிவு. சில வாரம் பொறுப்பார், அல்லது ஏ.சி.டி.எச். ஊசி போட்டு அட்ரினல் எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பார்.

குறைக்கும் காலத்தில் இன்னொரு குழப்பம் கட்டாயம் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். மூட்டெல்லாம் வலிக்கும், உடம்பு அசதியாக இருக்கும், மனசு சோர்ந்துபோகும். அது பழைய மூட்டுநோய் தலைதூக்குவதாக இருக்கலாம். கார்ட்டிசால் பற்றாக்குறையாக இருக்கலாம். அல்லது அளவு போதுமானதாக இருந்தும், ஒன்றரை வருடம் ஏராளமான ஸ்டீராய்டுக்குப் பழகிய உடம்பு குறைவதைப் பொறுக்காமல் செய்யும் ஆர்ப்பாட்டமாகவும் இருக்கலாம். இந்த மூன்றையும் பிரிப்பது அனுபவமுள்ள டாக்டருக்கே சிரமம். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: வாந்தி, எழுந்தால் மயக்கம், பி.பி. இறக்கம் இருந்தால் அதை மூட்டுவலிக் கணக்கில் எழுதாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

அடுத்தது நான் முதலில் நினைவில் வைக்கச் சொன்னது. அம்மாவின் 5 மில்லிகிராம் சாதாரண நாளுக்கான கணக்கு. காய்ச்சல் வரும் நாளில் நல்ல சுரப்பியாக இருந்தால் தானாகவே பல மடங்கு சுரந்திருக்கும், அவருக்கு அது நடக்காது. அதனால் காய்ச்சல் நாட்களில் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்குவது வழக்கம். எத்தனை நாள், எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டுத் தாளில் எழுதி வாங்கிவிடுங்கள், காய்ச்சல் வந்த ராத்திரியில் போனைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மாத்திரை சாப்பிட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று கொடுக்க வேண்டும். அதுவும் தங்கவில்லை என்றால் வாயால் கொடுப்பதில் பயனில்லை, ஊசி தேவை. பல் பிடுங்குவது முதல் கண்புரை ஆபரேஷன் வரை எதற்குப் போனாலும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள். 'ஸ்டீராய்டு சாப்பிடுகிறார், திடீரென நிறுத்தக்கூடாது, அவசரத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி தேவை' என்று ஓர் அட்டையில் எழுதி அவர் பர்சில் வையுங்கள். மாத்திரை நின்ற பிறகும் ஒரு வருடத்துக்கு அந்த அட்டை இருக்கட்டும்.

உங்கள் கேள்விக்குக் கீழே வேறு சிலர் பயந்துபோய்ச் சேர்த்திருந்த இரண்டு மூன்று விஷயங்களையும் தெளிவுபடுத்தி விடுகிறேன். 'இன்சுலின் போட ஆரம்பித்தாலும் கணையம் இப்படித்தான் தூங்கிவிடும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. இன்சுலினுக்குப் பிட்யூட்டரியிலிருந்து உத்தரவு வருவதில்லை. இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைக் கணையத்தின் பீட்டா செல்கள் தாங்களாகவே உணர்ந்து சுரக்கின்றன. வெளியிலிருந்து இன்சுலின் போட்டால், சர்க்கரையின் கொடுமையிலிருந்து அந்தச் செல்களுக்கு ஓய்வுதான் கிடைக்கிறது. இந்தப் பயத்தில் இன்சுலினைத் தள்ளிப்போட்டுக் காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தைராய்டு மாத்திரையில் மேலிருந்து வரும் உத்தரவு குறைவது உண்மை. ஆனால் நிறுத்தினால் சில வாரங்களில் சுரப்பி தன் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்தப் பழைய நிலையே போதாது என்பதால்தான் மாத்திரை. ஆஸ்துமா இன்ஹேலரில் போகும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு. மிக அதிக அளவில் நெடுங்காலம் இழுப்பவர்களுக்கு மட்டும் கவனம் தேவை. தயவுசெய்து யாரும் இந்தப் பதிலைப் படித்துவிட்டு இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். இதே அடக்கம் உண்மையாகவே நடக்கும் இடம் ஜிம்மில் உடம்பு ஏற்றப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டீரான் ஊசி. அங்கே அடங்குவது விந்தகம். பையன்கள் குழந்தையில்லை என்று வந்து நிற்கும்போதுதான் வெளிவருகிறது. முகம் வெளுக்க மாதக்கணக்கில் பூசும் கிரீம்களில் பலவற்றில் பீட்டாமெத்தசோனோ கிளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டோ இருக்கிறது. அதிகப் பரப்பில் பூசினால் அதுவும் தோல் வழியாக உள்ளே போகும்.

உங்கள் அம்மாவுக்கு இனிச் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, அந்த மூட்டுவலி எதனால் என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று தெரிகிறது. வெறும் தேய்மானம் என்றால் ஸ்டீராய்டு மாத்திரையே தேவைப்பட்டிருக்காது. முடக்குவாதம் என்றால் அதற்கென்றே மெத்தோட்ரெக்சேட் போன்ற நல்ல மருந்துகள் உள்ளன. மூட்டுநோய் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அது தெரியாமல் ஸ்டீராய்டைக் குறைத்தால் வலி தாங்காமல் அவர் மறுபடி பொட்டலத்தைத் தேடிப் போவார், அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது, ஒன்றரை வருடத்தில் நடந்திருக்கக்கூடிய சேதங்களைப் பார்த்துவிடுவது: சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும், முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் எலும்பு அடர்த்தி ஸ்கேன், கண்ணில் புரையும் அழுத்தமும். முதுகில் திடீரென்று வலி வந்திருந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டில் மெலிந்த முதுகெலும்பு கீழே விழாமலேயே நொறுங்கும். டிஸ்சார்ஜ் தாளில் இருந்த சோடியம், பொட்டாசியம் எண்களையும் இப்போதைய மாத்திரையின் பெயரையும் அளவையும் இங்கே எழுதினால், அவை எதைக் காட்டுகின்றன என்று விளக்குகிறேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் அவரைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரிடம் இருக்கட்டும்.